கல்லீரல் ஆபரேஷனுக்குப் பிறகு வலி: "எபிடியூரல் வேண்டாம், பிளாக் போடுகிறோம்" என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி:

டாக்டர், என் அப்பாவுக்கு 63 வயது. இரண்டு வருடத்துக்கு முன் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தார்கள். இப்போது ஸ்கேனில் கல்லீரலின் வலது பக்கம் இரண்டு கட்டி. வயிற்றைத் திறந்து வலது பாதியை எடுக்கப் போகிறார்கள், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுகிறார். எடை 65 கிலோ. மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தபோது, "முதுகில் எபிடியூரல் வைக்கப் போவதில்லை, வயிற்றுச் சுவரில் நரம்பு பிளாக் போட்டு, பட்டன் அழுத்தும் மெஷின் தருவோம்" என்றார். என் அண்ணிக்குப் பிரசவத்தில் எபிடியூரல் போட்டு வலியே தெரியவில்லையாம். அப்பாவின் நண்பருக்குப் பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் கல்லீரல் ஆபரேஷனுக்கே எபிடியூரல் வைத்திருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரி என்பதால் நல்லதைத் தர மறுக்கிறார்களா? இந்த பிளாக் பாதுகாப்பானதா? அப்பா வலி என்று வாய் திறக்காத ஆள், அதுதான் பயமாக இருக்கிறது. அம்மா வேறு அவருக்கு மஞ்சள் மாத்திரை, சீன மருந்துக் கடை மாத்திரை எல்லாம் கொடுத்துவருகிறார். அதைச் சொல்ல வேண்டுமா?

வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்:

சகோதரி, கோபத்தோடு கேட்ட கேள்விக்கே முதலில் வருகிறேன். இல்லை, காசுக்காக மறுக்கவில்லை. எபிடியூரல் நம் அரசு மருத்துவமனைகளில் அன்றாடம் போடுகிற ஒன்றுதான், பிரசவத்துக்கும் போடுகிறார்கள், பெரிய ஆபரேஷன்களுக்கும் போடுகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அதை வேண்டாம் என்று சொன்னவர் யோசித்துத்தான் சொல்லியிருப்பார். அந்த யோசனையை உங்களிடம் விளக்கிச் சொல்ல அவருக்கு நேரம் இருந்திருக்காது. கிளினிக்கில் வெளியே எத்தனை பேர் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

விஷயம் கல்லீரலில் இருக்கிறது. அடிபட்டால் இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது கல்லீரல்தான். "வலது பாதி" என்று சொன்னாலும் அது சரிபாதி கிடையாது, பொதுவாக மொத்தக் கல்லீரலில் 60 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட போய்விடும். மிச்சம் உள்ளது வளரும், கல்லீரலின் பெருமையே அதுதான், ஆனால் முதல் சில நாள் அது திணறும். ஆபரேஷன் முடிந்து முதல் இரண்டு மூன்று நாளில் ஐ.என்.ஆர் என்கிற எண் ஏறும், அதாவது இரத்தம் உறைய எடுக்கும் நேரம் கூடும், உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், பிறகு மெதுவாகச் சரியாகும். அதாவது ஆபரேஷன் அன்று காலையில் எல்லா டெஸ்டும் நார்மலாக இருந்தாலும் மூன்றாம் நாள் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது எபிடியூரலை நினைத்துப் பாருங்கள். முதுகெலும்புக்குள், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே, ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, அதன் வழியே மரப்பு மருந்து செலுத்த இரண்டு மூன்று நாள் விட்டு வைக்கிறோம். ஊசி குத்தும்போது மட்டும்தான் அங்கே இரத்தம் கசியும் என்று நினைக்கிறோம், ஆனால் குழாயை வெளியே இழுக்கும் நேரமும் அதே அளவு கவனிக்க வேண்டிய நேரம். அந்த நேரம் பார்த்து இரத்தம் உறையாத நிலையில் இருந்தால், உள்ளே இரத்தம் கட்டி தண்டுவடத்தை அழுத்தலாம். மிக அரிதாக நடப்பதுதான். நடந்தால் உடனே ஸ்கேன் எடுத்து, சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து கட்டியை எடுக்காவிட்டால் கால் இரண்டும் நிரந்தரமாகச் செயலிழக்கும். அதனால்தான் ஐ.என்.ஆர் இறங்கும்வரை குழாயை எடுக்காமல் காத்திருப்போம், சிலருக்கு ஐந்தாம் நாள்வரை கூட இழுத்துக்கொண்டு போகும். இதற்கு நடுவில் காலில் இரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பரின் வகை ஊசி வேறு போட வேண்டும். ஐ.என்.ஆர் கூடியிருக்கும்போதும் புற்றுநோயாளிக்குக் காலில் இரத்தம் கட்டலாம் என்பது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் உண்மை. அந்த ஊசி போட்டு 12 மணி நேரமாவது கழித்துத்தான் குழாயை எடுக்கலாம். இப்படிக் கணக்கு மேல் கணக்கு.

இரண்டாவது காரணம் இரத்த அழுத்தம். எபிடியூரல் வலி நரம்புகளை மட்டும் மரக்க வைப்பதில்லை, இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும் நரம்புகளையும் தளர்த்திவிடும். பிரஷர் இறங்கும். ஆபரேஷனில் கல்லீரலை வெட்டும்போது இரத்தப்போக்கைக் குறைக்க, உடம்பில் நீர்ச்சத்தைக் கொஞ்சம் குறைவாகவே வைத்திருப்போம், அதனால் இந்த நோயாளிகளுக்குப் பிரஷர் விழுவது சுலபம். விழுந்தால் ட்ரிப் ஏற்ற வேண்டும், உட்கார வைத்தால் தலைசுற்றும், நடக்க வைப்பது தள்ளிப்போகும். ஈராஸ் என்று ஒரு சர்வதேச அமைப்பு, ஆபரேஷனிலிருந்து சீக்கிரம் தேறிவருவதற்கான வழிமுறைகளை வகுப்பது, கல்லீரல் அறுவைக்கான தன் வழிகாட்டியை 2016-இல் வெளியிட்டபோது, திறந்த அறுவைக்கு எபிடியூரலை எல்லோருக்கும் வழக்கமாக வைக்கும்படி பரிந்துரைக்க முடியாது என்றே சொன்னது. ஆக, உங்கள் டாக்டர் சொன்னது நம் ஊரில் மட்டும் பேசப்படுகிற கருத்து கிடையாது.

அப்படியானால் பினாங்கு நண்பர்? அவருக்கு எடுத்தது சின்னத் துண்டாக இருந்திருக்கலாம், அந்த மருத்துவமனையின் பழக்கம் அப்படி இருக்கலாம். இருமும்போது வரும் வலியை அடக்குவதில் நன்றாக வேலை செய்கிற எபிடியூரலை மிஞ்சுவது கஷ்டம், அதை நான் மறைக்கப் போவதில்லை. இன்றும் நல்ல மையங்களில் கல்லீரலுக்கு எபிடியூரல் வைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஒன்றும் தப்புச் செய்யவில்லை. உங்கள் அண்ணி கதை வேறு. பிரசவத்துக்கு இடுப்புப் பக்கம் வைத்து, சில மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள், கல்லீரலும் முழுசாக இருக்கும். அப்புறம், முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலி என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், எபிடியூரலை மறுப்பதற்கு அது காரணமே கிடையாது. ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுவதும் காரணம் கிடையாது.

சரி, பிளாக்குக்கு வருவோம். நரம்பு ஓடும் இடத்தில் மரப்பு மருந்தை ஊசியால் செலுத்தி, அந்தப் பகுதியை மட்டும் மரக்க வைப்பதுதான் பிளாக். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

அப்பாவுக்கு வரப்போகிற வலி மூன்று இடத்திலிருந்து வரும். முதலாவது வெட்டுக்காயம். வலது விலாவுக்குக் கீழே நீளமாக வெட்டி, நடு வயிற்றில் மேலே கொஞ்சம் ஏற்றுவார்கள், தோலும் மூன்று அடுக்குத் தசையும் வெட்டுப்படும். மூச்சை இழுக்கும்போது, இருமும்போது, கட்டிலில் புரளும்போது சுரீரென்று குத்துவது இதுதான், மூன்றில் பெரியதும் இதுதான். இரண்டாவது, உள்ளே கல்லீரலும் அதைச் சுற்றிய சவ்வும் தரும் வலி. இடம் சொல்ல முடியாமல், பாரமாக, குமட்டலோடு வரும். மூன்றாவதைக் கேட்டால் வீட்டில் பதறிப்போவார்கள், வலது தோளில் வலி. கல்லீரலுக்கு மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் உறுத்தப்பட்டால் அதன் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவது என்பதால், மூளை அதைத் தோள்வலியாக எடுத்துக்கொள்ளும். ஸ்டென்ட் வைத்த மனுஷர் என்பதால் சொல்கிறேன், தோள்வலி வந்தால் அது ஆபரேஷன் வலிதான் என்று நீங்களாக முடிவுகட்டாமல் வார்டில் சொல்லிவிடுங்கள், நெஞ்சு அழுத்தமோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

பிளாக் பிடிப்பது முதலாவது வலியை மட்டும். உள் வலியையும் தோள்வலியையும் வயிற்றுச் சுவர் பிளாக் தொடாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால், கண் விழித்ததும் "பிளாக் போட்டும் வலிக்கிறதே, வேலை செய்யவில்லையே" என்று நோயாளி நினைப்பார், குடும்பம் சண்டைக்கு வரும்.

வயிற்றுச் சுவருக்கு உணர்வு தரும் நரம்புகள் முதுகெலும்பிலிருந்து கிளம்பி, விலாவோடு வளைந்து முன்னால் வருகின்றன. விலா முடிந்ததும் அவை வயிற்றுத் தசைகளின் அடுக்குகளுக்கு நடுவில் ஓடும். வாழைத்தண்டில் பட்டைக்குப் பட்டை இடுக்கு இருக்கிற மாதிரி இந்தத் தசைகளுக்கு நடுவிலும் ஓர் இடுக்கு உண்டு, நரம்பு போவது அதற்குள்தான். அல்ட்ராசவுண்டை விலா விளிம்பில் சாய்த்து வைத்தால் திரையில் தசை கருப்பாகவும், தசைக்கு நடுவில் உள்ள உறை வெள்ளைக் கோடாகவும் தெரியும். ஊசி முனையை அந்த வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோய் ஒன்றிரண்டு மில்லி மருந்து தள்ளினால், கோடு இரண்டாகப் பிரிந்து நடுவில் கருப்பாக ஒரு குளம் விரியும். குளம் சரியாக விரிந்தால் சரியான இடம். தசை உப்பினால் இடம் தப்பு, ஊசியை ஒரு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். பார்க்க அலுக்காத காட்சி அது. இதற்கு டேப் பிளாக் என்று பெயர், விலாவுக்குக் கீழே போடும் வகை உங்கள் அப்பாவின் வெட்டுக்குப் பொருந்தும். வெட்டு நடுக்கோட்டைத் தாண்டினால் இரண்டு பக்கமும் போட வேண்டும்.

முதுகுப் பக்கம் போடுகிற இன்னொரு பிளாக்கும் உண்டு, முதுகெலும்பை ஒட்டிய நீளத் தசைக்கு அடியில் மருந்தைத் தள்ளுவது, ஈ.எஸ்.பி. என்பார்கள். 2016-இல்தான் முதன்முதலில் மருத்துவ உலகில் விவரிக்கப்பட்டது. முதுகில் போட்டாலும் எபிடியூரல் மாதிரி முதுகெலும்புக்குள் ஊசி போவதில்லை. சிலருக்கு அருமையாகப் பிடிக்கிறது, சிலருக்கு ஏமாற்றுகிறது, ஆராய்ச்சி முடிவுகளும் அப்படித்தான் இரண்டு பக்கமும் பேசுகின்றன. சில சர்ஜன்கள் காயத்தைத் தைத்து மூடும் முன் தசைக்கு நடுவில் ஓட்டைகள் உள்ள மெல்லிய குழாயை விட்டு, அதில் இரண்டு மூன்று நாள் மரப்பு மருந்து சொட்டும்படி செய்வார்கள். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், அந்த ஆஸ்பத்திரியில் அவர்கள் கை பழகியது எதுவோ அதுதான். நெட்டில் படித்துவிட்டுப் போய், இந்த பிளாக்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

முதுகில் ஒரே ஒரு தடவை மிக மெல்லிய ஊசியால் மார்ஃபின் என்கிற வலுவான வலி மருந்தைக் கொஞ்சம் செலுத்துவதும் உண்டு. குழாய் எதுவும் உள்ளே தங்காது, உள் வலிக்கும் சேர்த்து ஒரு நாள்வரை கேட்கும். அரிப்பும் குமட்டலும் வரும், தாமதமாக மூச்சு மந்தமாகலாம் என்பதால் இரவு முழுக்க மணிக்கு மணி யாராவது பார்த்துக்கொண்டிருக்கும் வார்டு வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இது பொருந்துமா என்று கேட்டுப் பார்க்கலாம், கேட்பதில் தப்பில்லை.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள். டேப் பிளாக்கில் ஊசி தண்டுவடத்தின் பக்கமே போவதில்லை, காலில் பலம் போகாது, பிரஷரும் பெரும்பாலும் விழாது. கொஞ்சம் இரத்தம் கசிந்தால்கூட வயிற்றுச் சுவரில் கன்றிப்போவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். கவனிக்க வேண்டியது மருந்தின் அளவை. ரோபிவகெய்ன், பூபிவகெய்ன் என்று நாங்கள் பயன்படுத்தும் மரப்பு மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் வேலை யாருடையது என்று நினைக்கிறீர்கள்? அதே கல்லீரலுடையது. பாதிக்கு மேல் வெட்டி எடுத்தபின் அந்த மருந்து இரத்தத்தில் அதிக நேரம் தங்கும். ரோபிவகெய்னுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறோம், அப்பாவின் 65 கிலோவுக்கு 195 வரும். 0.375 சதவீத மருந்தைப் பக்கத்துக்கு 20 மில்லி போட்டால் மொத்தம் 150 மில்லிகிராம், வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் அதற்கு மேல் சர்ஜன் காயத்திலும் மரப்பு ஊசி போட்டு, குழாயிலும் மருந்து ஓடினால் கூட்டுத்தொகை எங்கேயோ போய்விடும். ஆபரேஷன் தியேட்டரில் யாராவது ஒருவர் இந்தக் கணக்கை வைத்திருக்க வேண்டும், வைத்திருப்பார்கள். மருந்து மிஞ்சினால் நாக்கில் உலோகச் சுவை, உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, காதில் ரீங்காரம் என்று தொடங்கும், முற்றினால் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு. இதற்கு முறிவு மருந்தாக 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் ஒன்று, பால் மாதிரி வெள்ளையாக இருப்பது, பிளாக் போடும் இடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது வழக்கம். காயத்தில் குழாய் வைத்து அனுப்பியிருந்தால், வார்டில் அப்பா "வாயெல்லாம் ஒரு மாதிரி இருக்கு" என்றால் பசியில் சொல்கிறார் என்று விட்டுவிடாமல் தாதியிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே ஊசியாகப் போடும் பிளாக் சுமார் 12 மணி நேரம் தாங்கும், சிலருக்குக் கூடக் குறைய. ஆபரேஷன் மதியம் இரண்டு மணிக்கு முடிந்து அப்போது பிளாக் போட்டால், அதன் மரப்பு விட்டுப்போவது இரவு இரண்டு மணி வாக்கில். நாள் முழுக்க "வலியே இல்லை" என்று சிரித்துப் பேசியவர், பட்டனை ஒரு தடவைகூட அழுத்தாதவர், நடு இரவில் திடீரென்று மொத்த வலியோடு விழிப்பார். அந்த நேரத்தில் வார்டில் ஆள் குறைவு, நீங்களும் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். எபிடியூரலா பிளாக்கா என்று விவாதிப்பதைவிட, "பிளாக்கின் மரப்பு விட்டுப்போனபிறகு இரவுக்கு என்ன ஏற்பாடு?" என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நல்ல பதில் எப்படி இருக்கும் என்றால், வலி இல்லாவிட்டாலும் பாரசிட்டமால் நேரத்துக்கு நேரம் ஏறும், பட்டன் மெஷின் முதலிலிருந்தே மாட்டியிருக்கும், பிளாக் எத்தனை மணிக்குப் போட்டது என்று சார்ட்டில் எழுதியிருக்கும், வலி மிஞ்சினால் யாரைக் கூப்பிடுவது என்பது இரவு டியூட்டிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய மருத்துவமனைகளில் வலிக்கென்றே ஒரு குழு காலையில் கட்டில் கட்டிலாக வரும், ஆனால் இரவு ஏற்பாட்டை முந்தின நாளே பேசிவைப்பது நல்லது.

அந்தப் பட்டன் பற்றி. பி.சி.ஏ. என்பார்கள். நோயாளி அழுத்தினால் கொஞ்சமாக மார்ஃபினோ ஃபென்டனிலோ இரத்தத்தில் ஏறும், பிறகு வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு எத்தனை முறை அழுத்தினாலும் மெஷின் தராது. இதில் ஒரு பாதுகாப்பு ஒளிந்திருக்கிறது, மருந்து கூடினால் தூக்கம் வரும், தூங்குகிறவர் பட்டன் அழுத்த மாட்டார், மருந்தும் ஏறாது. இதைக் கெடுப்பது நாம்தான். "அப்பா தூக்கத்துல முனகுறாரு, பாவம்" என்று மகளோ மனைவியோ அழுத்திவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம், பாசத்தில் செய்தாலும் மூச்சு நிற்கும் அளவுக்குப் போகலாம். கல்லீரல் குறைந்தவருக்கு இந்த மருந்துகள் மெதுவாகத்தான் கழியும். எழுப்பினாலும் சரியாக எழாமல் கண்ணைச் செருகிக்கொண்டே இருந்தால், பேச்சு குழறினால், நல்ல தூக்கம் என்று சந்தோஷப்படாமல் தாதியைக் கூப்பிடுங்கள். மருந்து மிஞ்சியதாகவும் இருக்கலாம், மிச்சக் கல்லீரல் திணறுவதாகவும் இருக்கலாம்.

வாய் திறக்காத அப்பா விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இது நன்றாகப் பழக்கமான வர்க்கம். தாதி வந்து "அங்கிள், சாக்கிட்?" (வலிக்கிறதா?) என்று மலாயில் கேட்பார். நம் ஆள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் வியர்வையோடு, "சிக்கிட் சாஜா" (கொஞ்சம்தான்) என்பார். தாதி எழுதிக்கொண்டு போவார். நாடி, பிரஷர், மூச்சு, காய்ச்சல் இவற்றோடு ஐந்தாவதாக வலியையும் கேட்டுக் குறிக்க வேண்டும் என்று நம் சுகாதார அமைச்சு 2008-இலேயே சொல்லிவிட்டது, அதற்காக 0 முதல் 10 வரை எண்களும் முகங்களும் போட்ட ஓர் அளவுகோலும் வைத்திருக்கிறார்கள். ஆனால் சும்மா படுத்திருக்கும்போது கேட்டால் இரண்டு என்பார், இருமச் சொல்லிக் கேட்டால் எட்டு என்பார். எங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது நம்பர். மூச்சை ஆழமாக இழுக்க முடிகிறதா, சளியை இருமித் துப்ப முடிகிறதா, மறுநாள் நாற்காலியில் உட்கார முடிகிறதா, இதற்குத்தான் இத்தனை பிளாக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் வலது நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கும், சளி கட்டும், நிமோனியா வரும்.

ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் பழக்குங்கள். அந்த அளவுகோலைப் பற்றிச் சொல்லி, இருமிப் பார்த்து நம்பர் சொல்லச் சொல்லுங்கள். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் மூச்சுக் கருவி தந்திருந்தால், அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும், பாதிப் பேர் ஊதுகிறார்கள். இருமும்போது ஒரு சின்னத் தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், இந்த ஒரு வித்தைக்கே நம்பர் இறங்கும். வலி என்று சொல்வது சிறுநீர்க் குழாயின் உறுத்தலாகவும் இருக்கலாம், அதற்கு மார்ஃபின் ஏற்றிப் பயனில்லை, அதனால் எங்கே வலிக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பையில் என்ன கொண்டுபோகக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். பனடோல் வேண்டாம். வார்டில் ட்ரிப்பில் ஏறுவதும் பனடோலும் ஒரே பாரசிட்டமால்தான். நாளுக்கு 4 கிராம் என்பது முழுக் கல்லீரல் உள்ளவருக்கான கணக்கு, அப்பாவுக்கு 2 அல்லது 3 கிராமுக்குக் குறைத்திருப்பார்கள், அதற்கு மேல் நீங்கள் இரண்டு மாத்திரை கொடுத்தால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். கிளினிக்கில் வாங்கி வைத்த பொன்ஸ்டான், வோல்ட்டரன் போன்ற வலி மாத்திரைகள் கண்டிப்பாக வேண்டாம், சிறுநீரகத்துக்கும் ஆகாது, இரத்தம் கசியவும் வைக்கும். கோடாலித் தைலத்தைக் காயத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சுடுதண்ணீர்ப் பையும் வேண்டாம், பிளாக் போட்ட இடத்தில் சூடு தெரியாது, தோல் வெந்து கொப்பளித்தபிறகுதான் தெரியும்.

கடைசியாக அம்மாவின் மாத்திரைகள். கட்டாயம் சொல்ல வேண்டும். சாம்பாரில் போடும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது, ஆனால் மஞ்சள் சாரத்தைச் செறிவாக அடைத்த மாத்திரை, பூண்டு மாத்திரை, ஜின்செங், கிங்கோ இவற்றுக்கெல்லாம் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் போக்கு உண்டு, அறுவைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வோம். மஞ்சள் மாத்திரையே சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. இன்னும் மூன்று வாரம் இருப்பதால் இன்றே நிறுத்திவிட்டு, பாட்டில்களை அப்படியே கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள், லேபிள் சீனத்தில் இருந்தாலும் பரவாயில்லை, மருந்தகத்தில் படித்துக்கொள்வார்கள். அம்மாவைக் கடிந்துகொள்ள வேண்டாம், டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்று என் மேல் போட்டுவிடுங்கள். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் இருப்பதால் அதை எப்போது நிறுத்துவது, நிறுத்துவதா தொடர்வதா என்பதை இதய டாக்டரும் சர்ஜனும் பேசித்தான் சொல்ல வேண்டும், அடுத்த கிளினிக்கில் அதையும் மறக்காமல் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.